கரையானுக்கு மருந்து அடிக்கப் போகிறீர்களா? முதலில் லிட்டர் கணக்கைக் கேளுங்கள்

கதவு நிலையில் மண் கோடு தெரிந்தால் நம்மில் பெரும்பாலோர் துடைப்பத்தால் அதைத் தட்டிவிடுவோம். மறுபடி வந்தால் பூச்சிமருந்து டப்பா ஒன்றை வாங்கி அந்த இடத்தில் பீய்ச்சுவோம். இரண்டாலும் கரையானுக்கு ஒன்றும் ஆவதில்லை. நாம் பார்ப்பது இரை தேடி வரும் வேலைக்காரக் கரையான்களை. ராணியும் புற்றும் மண்ணுக்கடியில் பல மீட்டர் தள்ளி இருக்கலாம். வந்த வழியை அடைத்தால் சுவருக்குள்ளேயே வேறு வழி பார்த்துக்கொள்ளும்.

இதை முறையாகச் செய்து முடிக்க எங்கள் வீட்டில் நெடுநாள் பிடித்தது. மருந்தின் பெயர், நிறுவனத்தின் பெயர், உத்தரவாத வருடம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். மண்ணுக்குள் எத்தனை லிட்டர் கரைசல் போகப்போகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. செய்த வேலை நிலைப்பதும் நிலைக்காததும் அதைப் பொறுத்தே இருக்கிறது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எந்த வரிசையில் என்ன செய்யலாம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. எந்தக் கரையான் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

வீட்டுக்குள் வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. மண்ணில் புற்று வைத்து, ஈரத்துக்காக மண்ணோடு எப்போதும் தொடர்பு வைத்திருக்கும் நிலத்தடிக் கரையான் ஒன்று. சுவரில் மண்ணைக் குழைத்துக் கட்டிய குழாய் போன்ற பாதை தெரிந்தால் அது இந்த வகை. பாதையின் அகலம் அரை சென்டிமீட்டர் முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை இருக்கும்.

மற்றது உலர்மரக் கரையான். இதற்கு மண் தேவையில்லை, மண் பாதையும் போடாது. மரத்துக்குள்ளேயே கூட்டமாக வாழும். அலமாரிக்கு அடியில், நாற்காலிக் காலுக்குக் கீழே மணல்போல் ஏதோ கொட்டிக் கிடந்தால் கையில் எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிமீட்டருக்குள், ஆறு பக்கங்களோடு ஒரே அளவில் இருந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். மாவு போன்ற நைசான தூளும், மரத்தில் 1 முதல் 3 மில்லிமீட்டர் வட்டத் துளைகளும் இருந்தால் அது கரையானே இல்லை, மரத்தைத் துளைக்கும் வண்டு. அதற்கான வைத்தியம் வேறு.

இதைப் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுத்தால் அத்தனையும் வீண். உலர்மரக் கரையான் இருக்கும் வீட்டில் தரையெல்லாம் துளை போட்டு மண்ணுக்கு மருந்து விட்டால், அது நாற்காலிக்குள் நிம்மதியாக இருக்கும்.

மழைக்குப் பின் விளக்கைச் சுற்றிப் பறக்கும் ஈசல்தான் சிறகு முளைத்த கரையான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியிலிருந்து வந்த ஈசலைப் பார்த்துப் பதற வேண்டாம். சுவர் விரிசலிலிருந்தோ கதவு நிலையின் இடுக்கிலிருந்தோ, வீட்டுக்குள்ளேயே ஈசல் புறப்பட்டால் புற்றின் கிளை வீட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். இறக்கை எறும்பை ஈசல் என்று நினைத்துவிடுவதும் உண்டு. ஈசலுக்கு நான்கு சிறகும் ஒரே நீளம், உணர்கொம்பு நேராக இருக்கும், இடை குறுகாது. இறக்கை எறும்புக்கு முன் சிறகு பெரிது, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும், இடை ஒடுங்கியிருக்கும்.

2. எதையும் கலைக்காமல் வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள்

ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு வெள்ளைத்தாள் போதும். தாளில் வீட்டின் அறைகளைத் தோராயமாக வரைந்துகொள்ளுங்கள். பாதை தெரியும் இடம், மரம் உள்ளீடற்று ஒலிக்கும் இடம், ஈரம் பூத்த சுவர், உதிர்ந்த சிறகு கிடந்த இடம் என்று ஒவ்வொன்றையும் அதில் குறியுங்கள். தேதியோடு படம் எடுங்கள். இந்தத் தாள்தான் பின்னால் ஒப்பந்தத்தோடு சேரப்போகும் முதல் ஆவணம்.

கதவு நிலை தரையைத் தொடும் மூலைதான் முதலில் பார்க்க வேண்டிய இடம். அடுத்து குளியலறைச் சுவரின் மறுபக்கம், சமையல் மேடைக்கு அடியில் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்பலகை, மாடிப்படிக்கு அடியில் பழைய பெட்டிகள் கிடக்கும் மூலை, மின்சுவிட்ச் பெட்டிகள். மின்கம்பி போகும் குழாய் வழியாகவே கரையான் மேல்மாடிக்குப் போகும் என்பதால் கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். வெளியே அஸ்திவாரச் சுவரைச் சுற்றி முழுதாக நடந்து பாருங்கள்.

மரத்தை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல மரம் கெட்டியாக ஒலிக்கும். அரித்த மரத்தின் சத்தம் பொத்தென்று இருக்கும். பெயின்ட் மட்டும் மேலே நின்று உள்ளே ஒன்றுமில்லாமல் இருப்பது சாதாரணமாக நடப்பது.

மண் பாதை பழையதா, இப்போதும் நடமாட்டம் உள்ளதா என்று தெரிய, நடுவில் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் உடைத்துவிட்டு சில நாள் கழித்துப் பாருங்கள். ஈர மண்ணால் மறுபடி மூடியிருந்தால் கரையான் இருக்கிறது. மூடாமல் இருந்தால் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், பாதையை மாற்றியிருக்கலாம். மீதிப் பாதையைக் கலைக்காதீர்கள். எங்கிருந்து எங்கே போகிறது என்பதற்கு வேலைக்கு வருபவருக்கு இருக்கும் ஒரே அடையாளம் அதுதான்.

3. ஈரத்தை நிறுத்துங்கள்

செலவு குறைவு, பலன் அதிகம். ஆனாலும் எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. நிலத்தடிக் கரையான் ஈரம் இல்லாமல் பிழைக்காது. ஒழுகும் குழாய், ஏசி தண்ணீர் சொட்டும் சுவரோரம், மழைநீர் தேங்கும் மூலை ஆகியவற்றைச் சரிசெய்யாமல் மருந்து அடித்தால், தண்ணீர் ஓடும் இடத்தில் மருந்தும் சீக்கிரம் நீர்த்துப்போகும்.

வீட்டைச் சுற்றியுள்ள மண் மட்டம் அஸ்திவாரத்தின் வெளிமுகத்தை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 15 சென்டிமீட்டராவது சுவர் வெளியே தெரிந்தால்தான் பாதை போட்டு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். சுவரை ஒட்டிச் செடி வளர்ப்பது, விறகையும் பழைய பலகையையும் சாய்த்து வைப்பது, அட்டைப்பெட்டிகளைத் தரையில் அடுக்குவது எல்லாம் நிற்க வேண்டும். வீடு கட்டும்போது நட்ட மரக்குச்சிகள், சாரக்கட்டைத் துண்டுகள் மண்ணுக்குள் புதைந்து கிடந்தால் தோண்டி எடுங்கள். கரையானை அழைத்து வருவதே பெரும்பாலும் அவைதான்.

4. எந்த முறை உங்களுக்குப் பொருந்தும்?

நிலத்தடிக் கரையானுக்கு இரண்டு வழி. வீட்டைச் சுற்றியும் சுவரோரமாகவும் மண்ணில் மருந்துக் கரைசல் விட்டுத் தடுப்பு உண்டாக்குவது ஒன்று. நச்சு இரை வைத்துப் புற்றையே ஒழிப்பது மற்றொன்று.

மண் மருந்திலும் இரண்டு விதம் உண்டு. பைபென்த்ரின், பெர்மெத்ரின் போன்றவை கரையானை விரட்டுபவை. மருந்து பட்ட மண்ணை அது மோப்பம் பிடித்து விலகும். சுற்றிலும் இடைவெளியில்லாமல் விட்டிருந்தால் நல்ல காவல். ஓரிடத்தில் விட்டுப்போனால் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து நுழைந்துவிடும். இமிடாகுளோபிரிட், பிப்ரோனில், குளோரான்ட்ரானிலிப்ரோல் போன்றவற்றைக் கரையானால் உணர முடியாது. அதன் வழியே நடந்துபோய் மெதுவாகச் சாகும், சாவதற்குள் கூட்டத்தில் சிலருக்கும் பரப்பும். ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் சுற்றிலும் இடைவெளியில்லாமல் மருந்து விடுவது கடினம் என்பதால், நான் இரண்டாவது விதத்தையே சொல்வேன். குளோர்பைரிபாஸ் மலிவாகக் கிடைக்கலாம். பல நாடுகள் வீட்டு உபயோகத்துக்கு அதைத் தடை செய்திருக்கின்றன. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

நச்சு இரையில் வருவது ஹெக்ஸாஃப்ளூமுரான், நோவிஃப்ளூமுரான், குளோர்ஃப்ளூவசூரான் போன்றவை. கரையான் தோல் உரித்து வளர்வதை இவை தடுக்கும். வீட்டைச் சுற்றி சுமார் 3 மீட்டருக்கு ஒன்றாக இரைப்பெட்டிகளை மண்ணில் பதிப்பார்கள். தரையைத் துளைக்க வேண்டியதில்லை. கிணற்றுக்கு அருகில் உள்ள வீட்டுக்கும், பளிங்குத் தரையைத் துளைக்க மனம் வராதவர்களுக்கும் இதுதான் நல்லது. ஆனால் கூட்டம் ஒழியப் பல மாதம் ஆகும். மாதக்கணக்கில் பெட்டிகளைத் திறந்து பார்க்க ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கான கட்டணமும் தொடரும். முக்கியமான எச்சரிக்கை: இரைப்பெட்டியைச் சுற்றி வேறு பூச்சிமருந்து எதையும் தெளிக்காதீர்கள். கரையான் பெட்டிக்கே வராது.

உலர்மரக் கரையான் ஒரு நாற்காலியிலோ ஒரு கதவிலோ மட்டும் இருந்தால், மரத்தில் சிறு துளையிட்டு மருந்தை உள்ளே செலுத்தினால் போதும். வீடு முழுக்கப் பரவியிருந்தால் வீட்டை மூடி நச்சுவாயுவால் புகையூட்ட வேண்டியிருக்கும், அல்லது மரத்தின் நடுப்பகுதிவரை சுமார் 50 டிகிரி செல்சியஸ் ஏறி அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கும்படி சூடேற்ற வேண்டியிருக்கும். புகையூட்டுவது உரிமம் பெற்றவர்கள் மட்டும் செய்யும் வேலை. சில நாள் வீட்டை விட்டு வெளியே தங்க வேண்டும். காற்றில் வாயு எஞ்சவில்லை என்று அளந்து எழுத்தில் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். இந்த இரண்டு முறையும் அன்றைக்கு உள்ளே இருப்பதைக் கொல்லும், அவ்வளவுதான். அடுத்த வருடம் புதிதாக ஈசல் நுழைந்தால் தடுக்காது.

பெயின்ட் அடிக்காத வெறும் மரத்துக்கு போரேட் என்ற போரான் உப்புக் கரைசல் பூசுவது நல்ல முன்காப்பு. பெயின்டின் மேலோ வார்னிஷின் மேலோ பூசினால் உள்ளே இறங்காது. மழை படும் இடத்தில் கரைந்துபோகும்.

மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில், உப்புத்தண்ணீர் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். பட்ட இடத்தில் நாலு கரையான் சாகும். புற்றுக்கு ஒன்றும் ஆகாது. இன்ஜின் ஆயில் உங்கள் மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும்.

5. மதிப்பீடு வாங்கும்போது போட வேண்டிய கணக்கு

முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கைப்பம்பு ஒன்றைக் கொண்டுவந்து கதவு நிலைகளை நனைத்தார்கள், சுவரோரம் கோடு போட்டதுபோல் தெளித்தார்கள், வாயால் ஐந்து வருட உத்தரவாதம் சொன்னார்கள். வீடு முழுக்க மருந்து நெடி அடித்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பக்கத்து அறை அலமாரியின் பின்பலகை உள்ளே கூடாகியிருந்தது. அன்றைக்கு மண்ணுக்குள் போன மருந்து எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

நீங்கள் போட வேண்டிய கணக்கு எளிது. வெளிச்சுவரைச் சுற்றி 15 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, தேவையான ஆழம்வரை கம்பிக்குழாய் இறக்கிக் கரைசல் விடுவது வழக்கமான முறை. ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கும் சுமார் 5 லிட்டர் கரைசல் பிடிக்கும். 12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள வீடு என்றால் சுற்றளவு 44 மீட்டர். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கே 220 லிட்டர் வேண்டும். அஸ்திவாரம் ஆழமானால் அதற்கேற்ப ஏறும்.

வீட்டுக்குள் தரையும் சுவரும் சேரும் கோட்டில் 12 மில்லிமீட்டர் துளைகளை 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் அளவில் அழுத்தத்தில் செலுத்துவார்கள். உள்சுவரோரம் மொத்தம் 60 மீட்டர் என்றால் 200 துளை, 200 லிட்டர். ஆக இந்த வீட்டுக்கு உள்ளும் புறமுமாக 400 லிட்டருக்குக் குறையாது. பத்து லிட்டர் பம்போடு ஒரே ஆள் வந்து மதியத்துக்குள் முடித்துவிடுவதாகச் சொன்னால் அந்த மதிப்பீட்டை அங்கேயே ஓரம் வையுங்கள். இதற்கு மோட்டார் பம்பும் பெரிய டிரம்மும் வேண்டும்.

அடுத்தது கலவை. மருந்து புட்டியில் இருக்கும் சதவீதத்தை, மண்ணில் விட வேண்டிய சதவீதத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு நீர்த்துக் கலக்க வேண்டும் என்று தெரியும். உதாரணமாக 2.5 சதவீத பைபென்த்ரின் வாங்கி 0.05 சதவீதக் கரைசலாக விட வேண்டும் என்றால் 50 மடங்கு. அதாவது ஒரு லிட்டர் கரைசலில் 20 மில்லி மருந்து. 400 லிட்டருக்கு 8 லிட்டர் மருந்து வேண்டும். உங்கள் வீட்டுக்கு எத்தனை புட்டி வரப்போகிறது என்று முன்கூட்டியே கேளுங்கள். எந்த மருந்தானாலும் லேபிளில் அச்சிட்டுள்ள அளவுதான் இறுதி. அதற்கு மேல் கலந்தால் பலன் கூடாது, ஆபத்துதான் கூடும்.

குறைந்தது மூன்று இடத்தில் மதிப்பீடு வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பார்க்காமல் போனிலேயே தொகை சொல்பவரைச் சேர்க்க வேண்டாம். சிலர் தரைப்பரப்புக்குத் தொகை சொல்வார்கள், சிலர் சுவர் நீளத்துக்கு. இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. மொத்தத் தொகையை மொத்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள், யார் தண்ணீர் விற்கிறார் என்பது தெரிந்துவிடும். துளை அடைக்கும் செலவு, மறுவருகைக் கட்டணம், வருடப் புதுப்பிப்பு ஆகியவை தொகைக்குள் அடங்குமா, தனியா என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். வேலை முடிந்தபின் உடைந்த டைல்ஸ் யார் கணக்கு என்று தகராறு வரும் இடம் இதுதான்.

6. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒப்பந்தத்தில் மருந்தின் வேதிப்பெயர், கரைசல் சதவீதம், மொத்த லிட்டர், மருந்து விடும் இடங்களைக் காட்டும் வரைபடம் ஆகியவை இருக்க வேண்டும். வரைபடத்துக்கு நீங்கள் வரைந்த தாளின் நகலையே கொடுக்கலாம். பூச்சிக்கொல்லி பயன்படுத்துவதற்கான அரசு உரிமத்தின் நகல், மருந்தின் லேபிள், பாதுகாப்புத் தகவல் தாள் மூன்றையும் கேளுங்கள். உரிமம் உள்ளவர் தயங்காமல் கொடுப்பார்.

உத்தரவாதத்தை வரிக்கு வரி படியுங்கள். பெரும்பாலான உத்தரவாதம் மறுபடி கரையான் வந்தால் மறுபடி மருந்து விடுவதற்கு மட்டும்தான். அரித்த மரத்தை மாற்றித் தருவது அதில் சேராது. சேர வேண்டுமென்றால் தனியாக எழுதியிருக்க வேண்டும். வருடாந்திர ஆய்வைத் தவறவிட்டால், தோட்டத்தைத் தோண்டினால், சுவரை இடித்துக் கட்டினால் உத்தரவாதம் செல்லாது என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். வீட்டை விற்றால் வாங்குபவருக்கு மாறுமா என்று பாருங்கள்.

வீட்டுக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கரையான் சேதத்தைப் பொதுவாகக் காப்பீடு ஏற்பதில்லை. பராமரிப்புக் குறைபாடு என்று ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்துக்குத் திட்டமிடுங்கள்.

வாடகை வீடு என்றால் கண்டுபிடித்த அன்றே படத்தோடு வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அடுக்குமாடி என்றால் உங்கள் வீட்டுக்கு மட்டும் மருந்து விடுவதில் பெரிய பயன் இல்லை. தரைத்தளமும் பொதுச்சுவரும் சேர வேண்டும், சங்கத்தின் தீர்மானம் வேண்டும். அதற்கே சில வாரம் ஆகும் என்பதால் இதை முதல் வேலையாகத் தொடங்குங்கள்.

7. வேலை நடக்கும் நாளில்

மழை பெய்துகொண்டிருக்கும்போதோ மண் சேறாக இருக்கும்போதோ மருந்து விடக் கூடாது. உறிஞ்ச இடமில்லாமல் வழிந்தோடிவிடும். நனைந்த மண் வடிந்து ஈரப்பதமாக மாறும்வரை தள்ளிப் போடுங்கள்.

முந்தைய நாளே சுவரோரச் சாமான்களை அரை மீட்டராவது நகர்த்துங்கள். உணவுப்பொருள், பாத்திரம், குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களை எடுத்து மூடி வையுங்கள். மீன்தொட்டி இருந்தால் வேறிடத்துக்கு மாற்றுங்கள். பைபென்த்ரினும் பிப்ரோனிலும் மீனுக்குக் கொடிய நஞ்சு. கிணறு, ஆழ்துளைக் கிணறு, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கின்றன என்பதை வேலை தொடங்கும் முன்பே காட்டுங்கள். அவற்றுக்கு அருகில் கரைசலை நேராக மண்ணில் விடக் கூடாது. தோண்டிய மண்ணைத் தார்ப்பாயில் போட்டு மருந்தைக் கலந்து, உறிஞ்சிய பிறகு திரும்பக் கொட்டுவது, அல்லது அந்தப் பக்கத்துக்கு இரைப்பெட்டி வைப்பது ஆகிய மாற்று வழிகள் உண்டு.

தரைக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய், மின்கம்பிக் குழாய் எங்கே என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுங்கள். வரைபடம் இல்லையென்றால் வீட்டைக் கட்டிய மேஸ்திரியைக் கேட்டு வையுங்கள். குளியலறையில் நீர்கசிவுத் தடுப்புப் பூச்சு இருக்கும். அங்கே உள்பக்கம் துளைப்பதைவிடச் சுவரின் மறுபக்கத்திலிருந்து துளைப்பது மேல்.

மருந்து புட்டியின் மூடியை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். லேபிள், காலாவதித் தேதி, கலக்கும் டிரம் மூன்றையும் படம் எடுங்கள். காலிப் புட்டிகளை எண்ணுங்கள், அவற்றை அவர்களே எடுத்துப் போக வேண்டும். துளைகளைச் சரிபார்க்கும்போது கதவு நிலைக்கு இரு பக்கமும், படிக்கட்டின் அடி, வாசற்படி, வெளித்திண்ணை ஆகிய இடங்களை விட்டுவிடாமல் பாருங்கள். முற்றத்தில் சிமெண்ட் தளம் இருந்தால் அதையும் துளைத்தே ஆக வேண்டும். வேலைச் சிரமத்தால் பெரும்பாலும் விட்டுப்போவது அந்தப் பக்கம்தான். வேலியில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டதற்குச் சமம் அது.

துளைகளை அன்றே சிமெண்டால் அடைக்க வேண்டும். மருந்து காயும்வரை குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்த அறைக்குள் போகக் கூடாது. எவ்வளவு நேரம் என்பது லேபிளில் இருக்கும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அன்றிரவு வேறிடத்தில் தங்குவது நல்லது.

8. மருந்து விட்ட பிறகு

மறுநாளே எல்லாம் செத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உணர முடியாத வகை மருந்து என்றால் சில வாரம் முதல் இரண்டு மூன்று மாதம் வரை ஆங்காங்கே நடமாட்டம் தெரியலாம். அதைக் கண்டு டப்பா மருந்தைப் பீய்ச்சினால் மருந்து பரவும் சங்கிலியை நீங்களே அறுத்ததாகும். படம் எடுத்து, தேதி குறித்து, நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் புதுப் பாதை வந்தால் மறுவருகை கேளுங்கள்.

ஆசாரியை உடனே வரச்சொல்லாதீர்கள். அரித்த மரத்தை மாற்றும் வேலை, புது அலமாரி, பெயின்ட் எல்லாவற்றையும் நடமாட்டம் முழுதும் நின்றது உறுதியான பிறகு வையுங்கள். கூரையைத் தாங்கும் மரம் அரித்திருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். உடனே முட்டுக்கொடுத்துப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

புது மரம் வாங்கும்போது வைரம் பாய்ந்த கெட்டியான நடுப்பகுதியாகப் பார்த்து வாங்குங்கள். தேக்கிலும் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது, வெளிறு எனப்படும் மென்மையான வெளிப்பகுதியைத் தின்றுவிடும். தேக்கு என்ற பெயரில் வெளிறே பாதியாக வந்து சேர்வதுண்டு. கரையான் எதிர்ப்பு பிளைவுட் என்று வாங்கினாலும் அறுத்த ஓரங்களுக்கு போரேட் பூசிய பிறகே பொருத்தச் சொல்லுங்கள். பின்பலகைக்கும் சுவருக்கும் இரண்டு விரல் இடைவெளி விட்டால் டார்ச் அடித்துப் பார்க்க வசதியாக இருக்கும்.

மருந்து விட்ட மண்ணைக் கிளறினால் தடுப்பு உடையும். செடி நட, குழாய் பதிக்க என்று சுவரோரம் தோண்ட நேர்ந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் மறுபடி மருந்து விட வேண்டும்.

9. புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு

உங்களுக்குத்தான் இது மிகக் குறைந்த செலவில் முடியும், காலம் தவறினால் திரும்பக் கிடைக்காத வாய்ப்பும் இதுதான். வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், தோண்டியதும் அதன் அடியிலும் பக்கங்களிலும் ஒருமுறை. அஸ்திவாரச் சுவர் எழும்பி இருபுறமும் மண் நிரப்பும்போது ஒருமுறை. அறைகளுக்குள் மண் நிரப்பித் திமிசு போட்டு இறுக்கிய பிறகு, தளக் கான்கிரீட் போடுவதற்கு முன் அந்தப் பரப்பு முழுக்க, சதுர மீட்டருக்கு சுமார் 5 லிட்டர் அளவில் ஒருமுறை. தரையைத் துளைத்து வரும் ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் தனியாக. கடைசியில், வெளிமண் வேலை முடிந்ததும் வீட்டைச் சுற்றி ஒருமுறை.

ஒவ்வொன்றுக்கும் மேஸ்திரியின் வேலைநாளோடு தேதி ஒத்துப்போக வேண்டும். மருந்து விட்ட தளத்தை வெயிலும் மழையும் பட நாள்கணக்கில் போடக் கூடாது. பாலித்தீன் விரிப்பால் மூடி, கூடிய சீக்கிரம் கான்கிரீட் போட வேண்டும். எனவே கான்கிரீட் நாளை உறுதி செய்த பிறகே மருந்துக்காரரை அழையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி ரசீதும் படமும் வாங்கி, கட்டத்துக்கேற்ப பணம் கொடுங்கள். மொத்தத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டால் வெளிச்சுற்றுக்கு ஆள் வருவது அரிது.

கான்கிரீட் தளமே தடுப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத விரிசல் வழியாகவும் கரையான் நுழையும்.

10. வருடத்துக்கு ஒருமுறை

மண்ணில் விட்ட மருந்து நிரந்தரம் இல்லை. மருந்தையும் மண்ணையும் பொறுத்து ஐந்து முதல் பத்து வருடம் வரை தாங்கலாம். ஈரம் அதிகமுள்ள இடத்தில் அதற்கு முன்பே பலம் குறையும். அதனால் ஈசல் பறக்கும் பருவம் முடிந்த சில வாரங்களில் ஓர் ஆய்வு என்று நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். உத்தரவாதம் இருக்கும்வரை நிறுவனத்தின் ஆள் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். "பார்த்தோம், ஒன்றுமில்லை" என்று போனில் சொன்னதைப் பின்னால் ஒருவரும் ஏற்க மாட்டார்கள். உத்தரவாதம் முடிந்த பிறகு அதே ஸ்க்ரூடிரைவரோடும் டார்ச்சோடும் நீங்களே சுற்றி வரலாம்.

ஒப்பந்தம், லேபிள் படம், வரைபடம், ரசீது, வருட அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, சுவரில் ஒட்டாத உலோகப் பெட்டியில் வையுங்கள், செல்போனிலும் ஒரு நகல் இருக்கட்டும். மறுபடி மருந்து விட நேரும்போது முன்பு எந்த மருந்து, எந்த இடம், எத்தனை லிட்டர் என்று வருபவர் முதலில் கேட்பது இதைத்தான்.